அப்பா கார்ல டர்போ... ஒரு விஷப் பரீட்சை!

செமஸ்டர் முடிஞ்சு, ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி கிடைக்கிற அந்தக் கொஞ்ச நாள் நிம்மதியில இருக்கீங்களா? இருங்க, இருங்க. இந்த வாரம் நம்ம 'நட்டு போல்ட்டு' பக்கத்துல கொஞ்சம் ஆயில் கறை படியப் போகுது. கை துடைக்க ஒரு பழைய துணி எடுத்து வச்சுக்கோங்க.

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டு வாசல்ல, அப்பா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பொறுப்பா துடைச்சு, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கிற ஒரு பழைய செடான் கார் நிக்குதா? நிக்குதுன்னா, நீங்க மெக்கானிக்கலோ ஆட்டோமொபைலோ படிக்கிறீங்கன்னா, ஒரு தடவையாவது அந்த நெனப்பு உங்களுக்கு வந்திருக்கும். 'இதுல ஒரு டர்போ மாட்டினா எப்படி இருக்கும்?'

எனக்கு வந்துச்சு. வந்ததோட நிக்கல. நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு இன்ஜின்ல டர்போ மாட்டியே பார்த்தோம். அந்த இன்ஜின் மொத்தம் 11 நிமிஷம் உயிரோட இருந்துச்சு. இந்த வாரம் அந்தக் கொலைக் கதைதான். கூடவே, அதே வேலையைச் சரியா செஞ்ச ஒரு ஸ்வீடன் நாட்டுக் காரோட கதையும் வருது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் நாங்க எங்கே கோட்டை விட்டோம்னு உங்களுக்குப் புரியும்.

நத்தை ஊதும் காத்து!

டர்போன்னா என்னன்னு ஈ.சி.ஈ., பி.காம் நண்பர்களுக்காக ரெண்டு வரி. (மெக் பசங்க இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். ஆனா வைவாவுல இதைத்தான் கேப்பாங்க, சொல்லிட்டேன்!)

நீங்க போடுற பெட்ரோல்ல இருக்கிற சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு, சைலன்சர் வழியா சூடான புகையா வெளியே போயிடுது. காசு கொடுத்து வாங்கி, காத்துல விடுறோம். அந்தப் புகை போற வழியில ஒரு குட்டிச் சக்கரத்தை வைங்க. புகை அதைச் சுத்தும். அதே தண்டோட அடுத்த முனையில இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்தை உள்ளே இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள்ள தள்ளும். அதிகக் காத்து, அதுக்கேத்த அதிகப் பெட்ரோல், அதிக சக்தி. அவ்வளவுதான். பார்க்க நத்தை மாதிரி இருக்கும். ஆனா நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும் நத்தை!

இதுக்கு ஆல்ஃப்ரட் பூக்கின்னு ஒரு சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் 1905-லயே பேட்டன்ட் வாங்கிட்டார். ஆனா சாதாரணக் குடும்பம் வாங்கற காருக்குள்ள அது வர 1962 ஆச்சு. அமெரிக்காவுல அந்த வருஷம் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்தான் முதல் டர்போ கார்கள்ல ஒண்ணு. அதுல ஒரு தமாஷ் உண்டு. அதோட கம்ப்ரஷன் ரேஷியோ 10.25. டர்போ காருக்கு இது ரொம்ப அதிகம். இன்ஜின் உள்ளே வெடிச்சுச் சிதறாம இருக்க, தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்க்ல ஊத்தணும். ஜனங்க என்ன பண்ணாங்க? ஊத்த மறந்துட்டாங்க! கடைசியில பல கார்கள்ல டர்போவையே கழட்டிட்டு சாதாரண கார்புரேட்டர் போட்டுக் கொடுத்தாங்க. 1963-க்கு மேல அந்தக் காரே வரல.

ஆக, டர்போவுல காத்து ஊதறது கஷ்டமே இல்ல. ஊதின பிறகு இன்ஜினைக் காப்பாத்தறதுதான் கஷ்டம். இந்த ஒரு வரி அப்பவே எங்க மண்டையில ஏறியிருந்தா, இந்த வாரம் நான் வேற ஏதாவது எழுதியிருப்பேன்.

பறக்கும் செங்கல்!

இப்ப ஸ்வீடனுக்குப் போவோம். வால்வோன்னா நமக்கு பெங்களூர் போற ஏ.சி. பஸ்தான் ஞாபகம் வரும். ஆனா ஸ்வீடன்ல வால்வோ 240-ன்னா நம்ம ஊர் அம்பாசிடர் மாதிரி. வாத்தியார், டாக்டர், ரிட்டயர்டு தாத்தா எல்லாரும் ஓட்டின குடும்பக் கார். 1974-ல இருந்து 1993 வரைக்கும் 200 வரிசையில மட்டும் 28 லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. உருவம்? ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, காம்பஸைத் தொடாமலே டிசைன் பண்ண மாதிரி ஒரு பெட்டி. செல்லப் பேரே 'செங்கல்'தான்.

அந்தச் செங்கலுக்கு 1981 மாடல்ல டர்போ வந்துச்சு. 2.1 லிட்டர் இன்ஜின், 155 குதிரைத்திறன். 1985-ல அதே கார் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சுது. பிஎம்டபிள்யூவும் ரோவரும் ஓடுற ரேஸ்ல ஒரு வாத்தியார் கார் ஜெயிச்சா எப்படி இருக்கும்? ரேஸ் காருக்கு 300 குதிரைத்திறனுக்கு மேல. அடுத்த வருஷம், 1986-ல, ராபி ஃபிரான்செவிக் அதே 240 டர்போவுல ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப்பையும் தூக்கிட்டார். 'பறக்கும் செங்கல்'னு பேர் நிலைச்சுப் போச்சு.

சரி, வீட்டு ஷெட்ல வேலை பாக்கற பசங்களுக்கு இதுல என்ன லாபம்? அங்கதான் விஷயம். வால்வோவோட அந்த நாலு சிலிண்டர் இன்ஜின் குடும்பத்துக்கு 'ரெட் ப்ளாக்'னு பேர். ப்ளாக்குக்குச் சிவப்பு பெயின்ட் அடிச்சிருப்பாங்க. 240, அப்புறம் வந்த 740, 940 எல்லாத்துலயும் இந்தக் குடும்ப இன்ஜின் உண்டு. அதுல டர்போ வச்ச மாடலும் உண்டு, வைக்காத மாடலும் உண்டு. அதனால, டர்போ இல்லாத 2.3 லிட்டர் இன்ஜின் வச்சிருக்கிற பையன், காயலான் கடைக்குப் போய் ஒரு 740 டர்போவைத் தேடிப் பிடிப்பான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போ, இன்டர்கூலர், இன்ஜெக்டர், கன்ட்ரோல் பெட்டி எல்லாத்தையும் கழட்டுவான். கொண்டு வந்து தன் கார்ல மாட்டுவான். துளைக்குத் துளை சரியா உட்காரும். ஸ்வீடன்லயும் அமெரிக்காவுலயும் இது பல வருஷமா நடக்கிற ஒரு சைடு கலை.

பார்க்க ஈஸியா தெரியுதா? எங்களுக்கும் தெரிஞ்சுது.

நாலு பேர், 31,000 ரூபாய்

நாங்க நாலு பேர். ஒருத்தன் கால்குலேட்டர் (எல்லாத்துக்கும் கணக்குப் போடுவான், யாரும் கேக்க மாட்டோம்). ஒருத்தன் வெல்டிங். ஒருத்தன் ஃபைனான்ஸ் (அவங்க மாமா கொடுத்த காசு). நாலாவது, ஐடியா கொடுத்த நான்.

என் முதல் பிளான் நேரா அப்பா கார்தான். அது 19 வருஷ செடான், 1.3 லிட்டர் பெட்ரோல். லீவுக்கு வீட்டுக்குப் போய், அப்பா ஆபீஸ் போற ரெண்டு வாரத்துல மாட்டிடலாம்னு நெனச்சேன். எங்க தெரு மெக்கானிக் அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். அவர் சிரிக்கலை. டீ கிளாஸைக் கீழே வச்சுட்டு, "தம்பி, முதல்ல செத்துப் போனாலும் யாரும் அழாத ஒரு இன்ஜின்ல மாட்டிப் பாரு. அது ஒரு மாசம் ஓடுச்சுன்னா அப்புறம் அப்பா கார் பக்கம் வா"ன்னார்.

அப்ப கடுப்பா இருந்துச்சு. இப்ப அவர் வீட்டுப் பக்கம் போனா கும்புடுறேன்.

புதுப்பேட்டைக்குப் போனோம். சென்னைப் பசங்களுக்குச் சொல்லவே வேணாம், காரோட எந்த உறுப்பு வேணும்னாலும் தொங்கிட்டிருக்கும் தெரு அது. அப்பா கார் சைஸுக்கே ஒரு 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், வயரிங்கோட கிடைச்சுது. டர்போவுக்கு ஒரு டீசல் ஜீப் வகை வண்டியோட நத்தை. கடை பாய் தெளிவாவே கேட்டார், "டீசல் டர்போவைப் பெட்ரோல்லயா மாட்டப் போறீங்க? சூடு தாங்குமா, பாத்துக்கோங்க." நாங்க தலையாட்டினோம். பார்க்கல.

காலேஜ் ஐ.சி. இன்ஜின் லேப்ல ஒரு பழைய ஹைட்ராலிக் டைனமோமீட்டர் இருக்கு. மினி ப்ராஜெக்ட்னு எழுதிக் கொடுத்து ஹெச்.ஓ.டி. கையெழுத்து வாங்கினோம். டைனமோ ஏன்னா, சும்மா ஸ்டாண்டுல வச்சு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினா டர்போ பெருசா ஊதாது. இன்ஜின் ஏதாவது ஒரு சுமையை இழுத்தாதான் புகை பலமா வரும், நத்தை முழிச்சுக்கும்.

வெல்டிங் பையன் மேனிஃபோல்டு செஞ்சான். நிஜமாவே அழகா செஞ்சான். டர்போவுக்கு ஆயில் போற பைப், வர்ற பைப் போட்டோம். வர்ற பைப் பெருசா, நேரா கீழே இறங்கற மாதிரி இருக்கணும். இல்லைனா ஆயில் தேங்கி, சீல் வழியா கசிஞ்சு புகையா போகும். அதைச் சரியா பண்ணோம். கூடுதல் காத்துக்கு ஏத்த கூடுதல் பெட்ரோலுக்கு, ஃப்யூயல் பிரஷரை 3 பார்ல இருந்து 3.6 பாருக்கு ஏத்தினோம். 20 சதவீதம் பிரஷர், 20 சதவீதம் பெட்ரோல். சிம்பிள்!

இன்டர்கூலர்? காசு இல்ல. காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டுற வைட்பேண்ட் சென்சர்? காசு இல்ல. 'டர்போ'ன்னு எழுதின சிவப்பு ஸ்டிக்கர்? 150 ரூபாய். வாங்கிட்டோம்!

11-வது நிமிஷம்

ஒரு சனிக்கிழமை மத்தியானம். லேப்ல 35 டிகிரி. ஜூனியர் பசங்க பத்துப் பேர் வேடிக்கை பாக்க வந்திருந்தாங்க. ஸ்டார்ட் பண்ணோம். சுட ஏறவிட்டோம். சுமையை மெல்ல ஏத்தினோம்.

ஒரு கட்டத்துல 'ஸ்ஸ்ஸ்ஸ்'னு ஒரு விசில். கேஜ்ல முள் சுழியத்தைத் தாண்டுச்சு. 0.2... 0.3... 0.5 பார். டைனமோ ரீடிங் எகிறுச்சு. சத்தியமா சொல்றேன், அந்த நிமிஷம் கிடைச்ச சந்தோஷம் கேம்பஸ் இன்டர்வியூவுல செலக்ட் ஆனாக்கூட கிடைக்காது. ஜூனியர்ஸ் விசில் அடிச்சாங்க.

லேப் அண்ணன் மட்டும் விசில் அடிக்கல. 22 வருஷமா அந்த லேப்ல இருக்கிறவர். தலையைச் சாய்ச்சு ஏதோ கேட்டுட்டிருந்தார். "தம்பி, உள்ளே கிண்ணு கிண்ணுன்னு தட்டுது. ஆஃப் பண்ணு"ன்னார்.

எங்களுக்கும் கேட்டுச்சு. டப்பாவுல கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கற மாதிரி ஒரு சத்தம். "அண்ணே, ரெண்டே நிமிஷம். ஒரு ரீடிங் மட்டும் எடுத்துக்கறோம்"னு சொன்னது யாரு? நான்தான்.

ரீடிங் எடுக்கல. ஒரு 'டப்'. அப்புறம் சைலன்சர்ல நீலப் புகை. இன்ஜின் மூச்சு வாங்கற மாதிரி தடுமாறி நின்னுச்சு. வாட்சைப் பார்த்தான் கால்குலேட்டர். பூஸ்ட் வந்து சரியா 11 நிமிஷம்.

போஸ்ட்மார்ட்டம்

திங்கட்கிழமை ஹெட்டைக் கழட்டினோம். மூணாவது சிலிண்டர் பிஸ்டன்ல, ரிங் உட்காரும் விளிம்பு ஒரு பக்கம் பிச்சுக்கிட்டு வந்திருந்துச்சு. மேல்பரப்புல மணல் வாரி அடிச்ச மாதிரி பொடிப் பொடிக் குழி. சிலிண்டர் சுவர்ல ரெண்டு ஆழமான கீறல்.

அப்புறம்தான் கால்குலேட்டர் சொன்னதை முதல் தடவையா உட்கார்ந்து கேட்டோம். நீங்களும் கேளுங்க. இதெல்லாம் நம்ம சிலபஸ்லயே இருக்கு, அதுதான் வெட்கம்.

ஒண்ணு, சூடு. காத்தை அமுக்கினா சூடாகும், சைக்கிள் பம்புலயே தெரியும். 35 டிகிரி காத்தை 1.5 மடங்கு அமுக்கினா, கம்ப்ரஸரோட திறன் 70 சதவீதம்னு வச்சுக்கிட்டாலும், வெளியே வர்றப்ப கிட்டத்தட்ட 90 டிகிரி. சூடான காத்து விரிஞ்சு போகும். அதனால '50 சதவீதம் அதிகக் காத்து'ன்னு நாங்க பீத்திக்கிட்டது நெஜத்துல 28 சதவீதம்தான். ஒரு இன்டர்கூலர் வச்சு 50 டிகிரிக்குக் குளிர்விச்சிருந்தா 43 சதவீதம் வந்திருக்கும், இன்ஜினும் குளிர்ச்சியா இருந்திருக்கும்.

ரெண்டு, பெட்ரோல். இதுதான் கொலைகாரன். பிரஷர் 20 சதவீதம் ஏத்தினா பெட்ரோல் 20 சதவீதம் ஏறாது. பெர்னூலி தாத்தா சொன்ன மாதிரி வர்க்கமூலம்தான் கணக்கு. 1.2-க்கு வர்க்கமூலம் 1.095. ஆக ஒன்பதரை சதவீதம். அதுவாவது கிடைச்சுதா? இல்ல. இன்ஜெக்டர் தெளிக்கற இடத்துல இப்ப 0.5 பார் எதிர்ப்பு இருக்கு. ரெகுலேட்டரோட சின்னக் குழாயை மேனிஃபோல்டுல மாட்டாம காத்துல விட்டிருந்தோம். அதனால நிஜமான வித்தியாசம் 3.6-ல 0.5 போக 3.1 பார். அதுக்கு முன்னாடி 3. அப்ப கூடுதல் பெட்ரோல் எவ்வளவு? ரெண்டு சதவீதம்கூட இல்ல!

காத்து 28 சதவீதம் ஏறுச்சு. பெட்ரோல் ரெண்டு சதவீதம் ஏறுச்சு. பழைய கன்ட்ரோல் பெட்டியும் உதவிக்கு வரல. அதோட சென்சர் சாதாரணக் காத்தழுத்தம் வரைக்கும்தான் அளக்கும், அதுக்கு மேல அதுக்குக் கண்ணு தெரியாது. பூஸ்ட்ல ஓடற பெட்ரோல் இன்ஜினுக்கு, ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினொன்றரை, 12 பங்கு காத்துதான் பாதுகாப்பு. எங்களுக்கு 16 பங்கு போயிருக்கணும்னு கால்குலேட்டர் கணக்கு.

மூணு, பொறி. சூடான காத்து, குறைஞ்ச பெட்ரோல். பிளக் பத்த வச்ச தீ பரவி முடிக்கறதுக்குள்ள, மீதிக் கலவை தானாவே ஒரே நேரத்துல வெடிக்கும். அதுக்குப் பேர் டெட்டனேஷன். அந்தக் கோலிக்குண்டு சத்தம் அதுதான். ஒவ்வொரு 'கிண்'ணும் பிஸ்டன் தலையில ஒரு சுத்தியல் அடி. பூஸ்ட் ஏற ஏற பொறி விடற நேரத்தைத் தள்ளிப் போடணும். நாங்க தொடவே இல்ல.

அப்ப செங்கல் எப்படித் தாங்குச்சு?

இப்ப வால்வோகாரங்க செஞ்சதைப் பாருங்க. டர்போ போடறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் ரேஷியோவை 9-க்கு மேல இருந்து 7.5-க்கு இறக்கினாங்க. அதாவது, அதிக சக்தி வேணும்னு முடிவு பண்ணதும் அவங்க செஞ்ச வேலை, இன்ஜினோட சக்தியைக் குறைச்சதுதான்! முதல்ல வந்த 240 டர்போவுல இன்டர்கூலர் கிடையாது. அதுக்கேத்த மாதிரி பூஸ்டை அடக்கி வச்சாங்க. இன்டர்கூலர் வந்த பிறகுதான் கொஞ்சம் ஏத்தினாங்க. பிற்கால 740, 940 டர்போவுல உள்ளே போற காத்தோட எடையையே அளக்கற சென்சர் இருந்துச்சு. காத்து ஏறினா பெட்ரோல் தானா ஏறும். ப்ளாக்குல ஒரு நாக் சென்சர். உள்ளே தட்டற சத்தம் கேட்டா உடனே பொறியைத் தள்ளிப் போடும்.

யோசிச்சுப் பாருங்க. நாக் சென்சர்னா யாரு? எங்க லேப் அண்ணன்! அவர் வேலையைச் சரியாத்தான் செஞ்சார். கன்ட்ரோல் பெட்டி இடத்துல இருந்த நாங்கதான் கேக்கல.

அதனால, அந்த ஊர் பையன் ஷெட்ல ஒரு நத்தையை மட்டும் மாட்டல. அது கூட ஃபாக்டரி இன்ஜினீயர்கள் வருஷக்கணக்கா போட்ட கணக்கையும் சேர்த்துக் கழட்டிக் கொண்டு வர்றான். அங்கயும் கனெக்டிங் ராட் மெலிசா இருக்கிற ஆரம்பகால 2.3 லிட்டர் இன்ஜின்ல ஆசைப்பட்டு பூஸ்ட் ஏத்தினா ராட் வளையும். விவரம் தெரிஞ்சவன் தடிமனான ராட் வந்த பிற்கால இன்ஜினைத்தான் தேடுவான். நாங்க பண்ணது என்ன? பக்கத்து பெஞ்ச் பையனோட விடையை மட்டும் காப்பியடிச்சோம். கேள்வித்தாளே வேற செட்டுன்னு பார்க்கல.

சொந்தமா கணக்குப் போட ஆசையா? அதுக்கும் வழி இருக்கு. புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போன்னு ரெண்டு பேர் 2000-களோட ஆரம்பத்துல 'மெகாஸ்க்விர்ட்'னு ஒரு கன்ட்ரோல் பெட்டியைக் கொண்டு வந்தாங்க. பாகங்களை வாங்கி நீங்களே சால்டர் பண்ணி, எந்த அழுத்தத்துல எவ்வளவு பெட்ரோல், எப்ப பொறின்னு கட்டம் கட்டமா நீங்களே நிரப்பலாம். ஈ.சி.ஈ. மக்களே, மேலே உங்களைக் கிண்டல் பண்ணதை வாபஸ் வாங்கிக்கறேன். எங்க டீம்ல உங்கள்ல ஒருத்தர் இருந்திருக்கணும்.

போலீஸ் மாமா என்ன சொல்றார்?

சரி, எல்லாக் கணக்கும் சரியா போட்டாச்சு. இப்ப அப்பா கார்ல மாட்டி ஈ.சி.ஆர். போலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்கள்ல இருந்து வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில, கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, உச்ச நீதிமன்றமும் அதை உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182-ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைனா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைனா ரெண்டும்னு வச்சிருக்கு. ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரர் கை விரிக்க நல்ல காரணமும் கிடைச்சுடும்.

ஸ்வீடன்ல மாத்தின வண்டிகளையும் வீட்டுல கட்டின வண்டிகளையும் பரிசோதிச்சுப் பார்க்கவே எஸ்.எஃப்.ஆர்.ஓ.ன்னு ஒரு அமைப்பு இருக்கு. கட்டு, கொண்டு வந்து காட்டு, பிரேக் தாங்குதா பார்ப்போம்னு ஒரு வழி. நமக்கும் அப்படி ஒரு வழி இருந்தா நல்லாயிருக்கும்னு நான் நெனைக்கிறேன். ஆனா அது வர்ற வரைக்கும், திருட்டுத்தனமா தெருவுல ஓட்டறதுக்கு அது சாக்கு இல்ல. ஏன்னா டர்போ இன்ஜினை மட்டும்தான் மாத்தும். பிரேக் அதே 19 வருஷ பிரேக். டயர் அதே டயர். எதிர்ல சைக்கிள்ல வர்ற தாத்தாவுக்கு உங்க பூஸ்ட் கேஜ் தெரியாது.

அப்ப ஆசையை என்ன பண்றது? லேப் இருக்கு, டைனமோ இருக்கு. ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகள் இருக்கு. 710 சி.சி. வரைக்கும் இன்ஜின், காத்து மொத்தமும் 20 மில்லிமீட்டர் துளை வழியாத்தான் போகணும், ஆனா டர்போவுக்குத் தடை இல்ல. 20 மில்லிமீட்டர் துளை வழியா மூச்சு விடற இன்ஜின்ல டர்போ மாட்டி உருப்படியா ஓட வைக்கிறது, என்னைக் கேட்டா, அப்பா காரைவிட ஆயிரம் மடங்கு சவால். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடந்த ஃபார்முலா பாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தவங்களைக் கேளுங்க. பிரேக் டெஸ்ட்ல பாஸ் ஆகாம ஒரு வண்டிகூட ஓட விடமாட்டாங்க.

அப்பாவும் பிஸ்டனும்

பிச்சுக்கிட்ட அந்தப் பிஸ்டனை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னு முடிவு. அவர் கார் மேலதான் முதல்ல கண்ணு வச்சேன்கிறதையும் சேர்த்து. திட்டு விழும்னு தயாரா நின்னேன்.

அப்பா பிஸ்டனைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைஞ்ச விளிம்பை விரலால தடவினார்.

"இது எத்தனை நிமிஷம் ஓடுச்சு?"

"11 நிமிஷம்ப்பா."

"நம்ம கார் 19 வருஷமா ஓடுது"ன்னு சொல்லிட்டு பேப்பரை எடுத்துக்கிட்டார்.

அவ்வளவுதான். எனக்கு ரெண்டு திட்டு வாங்கியிருந்தாக்கூட இவ்வளவு உறைச்சிருக்காது. அந்த 19 வருஷத்துல அந்தக் கார்ல யார் யாரெல்லாம் உட்கார்ந்து போனாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன். தங்கச்சி பிறந்து ஆஸ்பத்திரியில இருந்து வந்தது அதுலதான். அந்த 11-வது நிமிஷம் லேப்ல வராம, பாட்டி பின்சீட்ல இருக்கும்போது ஹைவேல லாரிக்கு முன்னாடி வந்திருந்தா?

கொஞ்ச நேரம் கழிச்சு அப்பாவே பேப்பரை இறக்கினார். "அந்தப் பெட்ரோல் கணக்கு என்னமோ சொன்னியே, திரும்பச் சொல்லு"ன்னார். டேபிள்ல பேப்பர் போட்டு வர்க்கமூலம் வரைக்கும் சொன்னேன். "சரி, அடுத்த தடவை இன்டர்கூலருக்கு எவ்வளவு குறையுதுன்னு சொல்லு. ஸ்டிக்கருக்குத் தர மாட்டேன்"ன்னார்.

ஆமா பாஸ், அடுத்த தடவை இருக்கு! புது பிஸ்டன், இன்டர்கூலர், வைட்பேண்ட் சென்சர், ஒரு ஈ.சி.ஈ. பையன். அதே லேப், அதே டைனமோ. பூஸ்ட் 0.3 பாருக்கு மேல போகாது. நிறுத்தற ஸ்விட்ச் லேப் அண்ணன் கையில.

உங்களுக்கு இந்த வார ஹோம்வொர்க்: உங்க வீட்டு வண்டியோட கம்ப்ரஷன் ரேஷியோ என்னன்னு கண்டுபிடிங்க. ஸ்பேனரைத் தொடாம, மேனுவலைத் தொட்டு!

அடுத்த வாரம் வேற ஒரு நட்டோட வர்றேன். அதுவரைக்கும், உள்ளே கிண்ணு கிண்ணுன்னு சத்தம் கேட்டா... ரெண்டு நிமிஷம் கேக்காதீங்க, உடனே ஆஃப் பண்ணுங்க!